இருட்டு அறையில் ஜெயம்மாள்

ஜெயம்மாளும் நானும் களமருதூரில் ஒரே கழனியில் நடவு நட்டவர்கள். நான் தாலியறுத்த வருஷம்தான் அவள் எங்கள் தெருவுக்கு வாக்கப்பட்டு வந்தாள். வாய் ஓயாது. நடவு வரிசையில் ஒருத்தி பின்தங்கினால் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். பதில் வராவிட்டால் எல்லாரும் நிமிர்ந்து திரும்பிப் பார்ப்போம். புருஷன் ஆதிமூலம் குடிகாரன். மகள் மலர்விழியைப் படிக்க வைத்தது நடவில் குனிந்த இவள் இடுப்புதான்.

மிஷின் நடவு வந்தது. எங்களை யாரும் கூப்பிடவில்லை. உளுந்தூர்பேட்டை ரோட்டில் பெரிய கம்பெனி ஒன்று கண்ணாடி ஆபீஸ் கட்டியது. அங்கே கூட்டித் துடைக்கப் போனோம். பசுமைக் கட்டடமாம். மாடியில் சோலார், கழுவின தண்ணீர் சுத்தமாகித் தோட்டத்துக்குப் போகும். கரண்ட் செலவு பாதியாம். நல்லதுதான், குறை சொல்ல மாட்டேன். ஆள் நுழைந்தால் விளக்கும் காற்றும் தானாக வரும். ஆள் அசையாவிட்டால் தானாக நின்றுவிடும்.

"குந்திக்கினு சோறு துன்னா லைட்டு போயிடுதுக்கா. நடுநடுவுல கையாட்ட வேண்டிக்கீது" என்பாள் ஜெயம்மாள்.

"சும்மா குந்துனா கூலி கெடையாதுன்னு அதுக்கும் தெரிஞ்சிருக்குதுடி" என்பேன்.

கட்டடத்துக்கு விருது கொடுக்க ஆட்கள் வந்த நாள் அது. காலையிலிருந்தே அவளுக்குத் தலைவலி.

"மண்ட பொளக்குது சார்" என்றாள் சூப்பர்வைசர் செழியனிடம்.

"அவுங்க போவட்டும், அப்புறம் படுத்துக்க" என்று கீழ்த்தளத்துப் பேப்பர் அறையைத் துடைக்க அனுப்பினான்.

சோற்றுக்கு அவள் வரவில்லை. செழியனைக் கேட்டேன்.

"எட்டிப் பார்த்தேன் ஆயா. லைட்டு எரியல, ஆள் இல்ல. சொல்லாம கொள்ளாம வூட்டுக்குப் போயிருக்கும்."

"செருப்பு இங்க கெடக்குது. வெறுங்காலோட களமருதூர் போனாளா?"

"கத்தாத ஆயா, மேல கெஸ்ட் இருக்காங்க."

துடைப்பத்தைப் போட்டுவிட்டு, அவள் பேரைக் கத்திக்கொண்டே இறங்கினேன். கதவைத் தள்ளினேன். என் காலுக்கு விளக்கு எரிந்தது, காற்று வந்தது. அலமாரிக்குப் பின்னால் கிடந்தாள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. மூச்சு இருந்தது.

வாசலில் விருந்தாளிகள் கார். அதனால் குப்பை போகிற பின்வழியாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது, முன்னாடியே வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். விடியுமுன் போய்விட்டாள்.

சாவு வீட்டுக்குச் செழியன் மாலையோடு வந்தான்.

"ஏன்யா, கதவாண்ட நின்னு ஜெயம்மான்னு ஒரு கொரலு குடுத்தியா?"

"இருட்டா இருந்துச்சு ஆயா. இருட்டா இருந்தா உள்ள ஆள் இல்லன்னுதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க."

"இன்னாத்தச் சொல்லிக் குடுத்தானுங்களோ!"

அவன் பொய் சொல்லவில்லை. மாலையைப் பிடித்தபடி தெருவிலேயே நின்றான். உள்ளே வா என்று ஒருவரும் சொல்லவில்லை. கடைசியில் மலர்விழிதான் எழுந்து வந்து மாலையை வாங்கிக்கொண்டாள்.