குமிழி பார்ப்பவள்

அவளுக்கு நீச்சல் தெரியாது. முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினால் ஆளை விட்டால் போதும் என்று கரைக்கு ஓடிவிடுவாள். அப்படிப்பட்டவள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நடுக்கடலுக்குப் போய் வந்தாள் என்றால், கட்டிக்கொண்டவன் அப்படி. அவன் பள்ளிக்கூட பஸ் ஓட்டினான். வாரமெல்லாம் பிள்ளைகள் போடும் கூச்சல் காதுக்குள்ளேயே நிற்கும். ஞாயிறு வந்தால் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்குள் குதித்துவிடுவான்.

"அங்க ஒரு பய வாயத் திறக்க முடியாதுடி. அதுக்காகவே போலாம்" என்பான்.

"அப்ப என்கிட்டயிருந்து தப்பிக்கத்தான் போறீங்க."

"நீயும்தான் படகுல வந்து உக்காந்துடுறியே. எங்க தப்பிக்கிறது?"

கடலுக்குள் முக்குளிப்பது காசுள்ளவன் விளையாட்டு என்று வெளியே நினைப்பார்கள். அந்தச் சங்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் அன்றாடம் வேலைக்குப் போகிறவர்கள். செக்ரட்டரி ஒரு சின்ன மருந்துக்கடைக்காரர். அவளுடைய தம்பி ஏசி மெக்கானிக். சங்கத்தில் அவனுக்குப் பெயரே 'ஏசி'தான். படகுத்துறைக்குப் பின்னால் கைவிடப்பட்ட ஐஸ் கிடங்குதான் சங்கத்து அறை. ஒட்டுப்போட்ட ரப்பர் உடுப்புகள் சுவரோரம் வரிசையாகத் தொங்கும். இருட்டில் பார்த்தால் ஆட்களைத் தலையில்லாமல் மாட்டிவைத்தது போல இருக்கும். புதன்கிழமை நகராட்சிக் குளத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக் கொடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை படகில் போய்ப் பாறைகளில் சிக்கிக் கிடக்கும் அறுந்த வலைகளை வெட்டி எடுப்பார்கள். மாதம் ஒருமுறை குடும்பத்தோடு போய்ச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துவைத்துச் சிரித்துப் பேசிவிட்டு வருவார்கள்.

எல்லாரும் கீழே போய்விட்டால் மேலே ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் அவள்தான். படகின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, தண்ணீரில் வரும் குமிழிகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அது அவளுக்குத்தான் பொருந்தும். குமிழியை வைத்தே ஆளைச் சொல்வாள். செக்ரட்டரி மூச்சுவிட்டால் பானை கொதிக்கிற மாதிரி ஓயாமல் வரும். புருஷனுடையது நிதானம்: ஒரு கொத்து வரும், இடைவெளி விழும், நின்றுவிட்டதோ என்று அவள் எழப்போகும்போது அடுத்தது வரும். சங்கத்தில் அவளைக் 'குமிழி அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள்.

அவள் புருஷன் செத்ததுகூட ஒரு குடும்பச் சுற்றுலா நாளில்தான். படகு கொள்ளாத கூட்டம். பெண்கள், பிள்ளைகள், பாத்திரங்கள், கால் வைக்க இடமில்லை. கடலுக்கு முதுகைக் காட்டிப் படகின் விளிம்பில் அவன் உட்கார்ந்திருந்தான், மல்லாந்து விழுவதற்குத் தயாராக. தம்பி வழக்கம்போல ஒவ்வொருத்தர் சிலிண்டரையும் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தான். யாராக இருந்தாலும் குதிக்கிறதுக்கு முன்னால் சிலிண்டர் தலையில் இருக்கும் காற்றுத் திருகை ஒரு தரம் அவன் திருகிப் பார்க்க வேண்டும். அவன் கை படாமல் யாரும் கடலில் இறங்கியதில்லை.

"என்ன மச்சான், மூடியே வச்சிருக்கீங்க! உள்ள போய் மீன்கிட்டயா கடன் கேப்பீங்க காத்து?" என்றான் தம்பி.

"நான் திறந்தேனேடா."

"திறந்தீங்க, திறந்தீங்க. வயசாகுதுல்ல."

படகே சிரித்தது. அவளும் சிரித்தாள். புருஷன் வாயில் குழாயைக் கடித்து ரெண்டு தரம் மூச்சு இழுத்துப் பார்த்து, சரி என்று கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துக் காட்டினான். மல்லாந்து விழுந்தான். அதோடு சரி.

செக்ரட்டரிதான் அன்றைக்கு அவனோடு ஜோடியாக இறங்கினவர். கீழே பெரிய வலை. ஒருவர் இந்தப் பக்கம், ஒருவர் அந்தப் பக்கம் நின்று வெட்டிக்கொண்டிருந்தார்கள். மேலே செக்ரட்டரியின் பையனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாமல் வாந்தி. அவள் அவன் தலையைப் பிடித்துக்கொண்டு வாய் கொப்பளிக்கத் தண்ணீர் ஊற்றினாள். துடைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிறாள், கொதிக்கிற குமிழி மட்டும் வருகிறது. நிதானமான குமிழியைக் காணோம். இடைவெளிதான் என்று இருந்தாள். அந்த இடைவெளி முடியவே இல்லை.

கொண்டுவந்து போட்டபோது உதடு நீலம் பாய்ந்திருந்தது. மூழ்கிச் செத்திருக்கிறான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஏன் மூழ்கினான் என்பதற்கு அங்கே பதில் இல்லை. பதிலைச் செக்ரட்டரி சொன்னார்.

"சிலிண்டர்ல பாதிக்கு மேல காத்து இருக்கு. காத்து இருக்கிறப்ப மனுஷன் ஏன் மூழ்கணும்? நெஞ்சுதான். தண்ணிக்குள்ள நெஞ்சு நின்னுபோச்சு."

தம்பி பக்கத்தில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். "ஆமா" என்றான்.

அதன்பிறகு அவள் வயிற்றில் ரெண்டு நெருப்பு. அந்த நேரம் பார்த்து வேறு பக்கம் திரும்பிவிட்டேனே என்பது ஒன்று. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லிவிட்டால் ஆமாம் என்றுவிடுவார்களோ என்று பயம். இன்னொன்று மகள்.

மகள் ஓட்டக்காரி. பள்ளிக்கூடத்தில் அவளை முந்த ஆள் கிடையாது. அப்பன் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக மைதானத்துக்குப் போய்க் கம்பிவேலிக்கு வெளியே நின்று கத்துவான். அப்பனுக்கு நெஞ்சுக் கோளாறு என்றால் பெண்ணுக்கு ரத்தத்திலேயே இருக்குமே! அவன் செத்த மாதமே மகள் போட்டு ஓடும் ஷூவை எடுத்து அலமாரிக்கு மேலே போட்டுவிட்டாள். மாடிப்படிகூட மெதுவாக ஏற வேண்டும். தண்ணீர்க் குடம் தொடக் கூடாது. தாய்க்காரி வேலை பார்ப்பது ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில். நாள் முழுக்க நீராவியில் நின்று படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடுவாள். அதனால் டாக்டரைப் பார்ப்பதில் சிரமமில்லை.

டாக்டரம்மா எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, "குழந்தைக்கு இதயம் அருமையா இருக்கு. ஓடட்டும்" என்றார்.

"அவருக்கும் அருமையாத்தான் இருந்துச்சு டாக்டர்."

வீட்டுக்கு வந்ததும் மகள் பிடித்துக்கொண்டாள். "அவங்களே சொல்லிட்டாங்க. இப்பவாவது விடும்மா."

"விட்டுட்டு? உன்னையும் யாராவது தூக்கிட்டு வரதப் பாக்கணுமா நான்?"

"அப்பா கடலுக்குள்ள செத்தாரும்மா. மைதானத்துல இல்ல."

பளார் என்று ஒரு அறை விழுந்தது. அவள் மகளை அடித்தது அதுதான் முதல் தரம். தம்பி அப்போது அங்கேதான் இருந்தான். புருஷன் போனபிறகு ஞாயிறுதோறும் வந்துவிடுவான். ஒழுகுகிற குழாயைச் சரிசெய்வான், அரிசி மூட்டை தூக்கி வருவான். கடலுக்குப் போவதை அடியோடு விட்டுவிட்டான். அக்கா பாசம் என்று அக்கம்பக்கத்தில் மெச்சினார்கள். அந்த அறை விழுந்ததும் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனான்.

இன்னொன்றும் உண்டு. வீட்டுக்கு யார் வந்தாலும் அவள் அந்தக் கடைசிச் சிரிப்பைச் சொல்லுவாள். "மீன்கிட்டயா கடன் கேப்பீங்கன்னு இவன் கேக்க, அவரும் சிரிக்க, சிரிச்ச முகமாத்தான் போனாரு" என்பாள். கேட்கிறவர்கள் கண்ணைத் துடைப்பார்கள். தம்பி மட்டும் அந்த இடத்தில் எழுந்து குழாயைப் பார்க்கப் போய்விடுவான்.

ரெண்டு வருஷம் இப்படியே ஓடியது. ஒருநாள் செக்ரட்டரி சலவைக்கூடத்து வாசலுக்கு வந்து நின்றார்.

"அவர் பேர்ல வருஷா வருஷம் வலை எடுக்கிறதா முடிவு பண்ணியிருக்கோம். மொத தடவை நீங்க வரணும். உங்க இடத்துல யாரையும் உக்கார வைக்கலம்மா."

அவள் போனாள். அக்காவைத் தனியாக விட முடியாமல் தம்பியும் வந்தான்.

பெட்டி அதே இடத்தில் கவிழ்ந்திருந்தது. அவள் உட்கார்ந்தாள். ஆட்கள் விளிம்பில் வரிசையாக உட்கார்ந்தார்கள். புதிதாகச் சேர்ந்த ஒருவன், டைல்ஸ் ஒட்டுகிறவன், தம்பியைப் பார்த்துச் சொன்னான்:

"ஏசி அண்ணே, நம்மளோடத ஒரு கை பாத்து விடுங்க. நீங்க தொட்டாத்தான் ராசின்னு எல்லாரும் சொல்றாங்க."

தம்பி முகத்தில் ஈயாடவில்லை. ரெண்டு கையையும் அக்குளுக்குள் சொருகிக்கொண்டான், பனியில் நிற்கிறவன் மாதிரி. "செக்ரட்டரிய பாக்கச் சொல்லு" என்று முனகினான். செக்ரட்டரி வந்து பார்த்தார். எல்லாரும் விழுந்தார்கள். படகில் அக்காவும் தம்பியும் மட்டும். படகு ஓட்டுகிறவர் முன்பக்கம் துணியை மூஞ்சியில் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார்.

அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டு கேட்டாள். "ஏன்டா தொடல?"

"சும்மாதான்."

"யார் முதுகையும் தொடாம விடமாட்டியே. கைக்கு என்ன வந்துச்சு?"

தம்பி அக்குளிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அன்னிக்கு மச்சானோடத தொட்டல்ல? மூடியே வச்சிருக்கீங்கன்னு கேலி பண்ணினல்ல?"

"மூடியிருக்கல அக்கா."

அவள் திரும்பவில்லை. கீழே ஆள் இருக்கும்போது குமிழியை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. ஒரு தரம் எடுத்து அனுபவித்தாயிற்று.

"என்ன சொல்ற?"

"அவர் திறந்துதான் வச்சிருந்தாரு. நான்தான் மூடினேன். எப்பவும் பின்னால நின்னுதான் திருகுவேன். அன்னிக்கு நிக்க இடமில்ல, அவர் விளிம்புல உக்காந்துட்டாரு. முன்னால நின்னு தோளுக்கு மேல கைய விட்டேன். பக்கம் மாறிப்போச்சு. திருகு சுத்திச்சு, மூடியிருந்ததத்தான் திறக்குறேன்னு நினைச்சேன். முட்டுற வரைக்கும் திருகிட்டு, எப்பவும் விடுற மாதிரி இம்மி பின்னால விட்டேன். அந்த இம்மிதான் அவருக்கு இருந்த காத்து."

"மூச்சு இழுத்துப் பாத்தாரே. சரின்னு காட்டினாரே."

"மேல அது போதும். ஆழத்துல பத்தாது. அதுலயும் வலையோட மல்லுக்கட்டி மூச்சு வாங்கியிருக்கும்."

"உனக்கு எப்படிடா தெரியும் இதெல்லாம்?"

"அவரை மேல போட்டதும் சிலிண்டர மூடப் போனேன். மூட ஒண்ணுமே இல்லக்கா. தொட்டதும் முட்டிடுச்சு. அப்பத்தான் செக்ரட்டரி நெஞ்சுன்னாரு. நான் ஆமான்னுட்டேன்."

குமிழிகள் வந்துகொண்டிருந்தன. கொதிக்கிற மாதிரி ஒன்று. படபடவென்று புதியவனுடையது ஒன்று. அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"அப்ப நெஞ்சுல ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்ல."

"நான் திரும்பாம பாத்துக்கிட்டு இருந்திருந்தா?"

தம்பி பொய் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு பொய்யை அவளும் ஏற்றுக்கொண்டிருப்பாள். "தெரியலக்கா" என்றான்.

அவன் அழ ஆரம்பித்தான். "அழாத. கீழ ஆள் இருக்கு" என்றாள்.

ஒவ்வொரு தலையாக மேலே வந்தது. எல்லாரும் படகில் ஏறி, எல்லாச் சிலிண்டரும் இறங்கியபிறகுதான் அவள் பெட்டியை விட்டு எழுந்தாள். கால் மரத்துப் போயிருந்தது. "இப்ப சொல்லு, எல்லாருக்கும்" என்றாள்.

அவன் சொன்னான். டைல்ஸ்காரன் தன் தோளை ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொண்டான். செக்ரட்டரிதான் முதலில் பேசினார்.

"இது வெளிய போச்சுன்னா சங்கத்தையே இழுத்துப் பூட்டிடுவாங்கம்மா. கொஞ்சம் யோசிங்க."

"பூட்டட்டும்" என்றாள். பிறகு தம்பியிடம் திரும்பினாள். "கை தப்பினதுக்கு உன்ன ஒண்ணும் கேக்க மாட்டேன். யாருக்கும் தப்பும். என் பிள்ளைய ரெண்டு வருஷம் உக்கார வச்சேனே, பக்கத்துல இருந்து பாத்தியே. அடிச்சேனே, அப்பவும் பாத்தியே. எப்படிடா முடிஞ்சது?"

செக்ரட்டரி படகைக் கரைக்குத் திருப்பச் சொன்னார்.

மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. அலமாரி மேலிருந்து மகளின் ஷூவை எடுத்தாள். கால் வளர்ந்துவிட்டது, நுழையவில்லை. மகளை வெறுங்காலோடு மைதானத்துக்குக் கூட்டிப் போனாள். வழியில் நடந்ததை நடந்தபடி சொன்னாள், கூட்டவுமில்லை குறைக்கவுமில்லை. மகள் வெகுதூரம் போய், "மாமாவா?" என்றாள். "ம்" என்றாள் இவள்.

மகள் ஓடினாள். பழைய ஓட்டம் இல்லை. பாதி தூரத்தில் இரைத்தது. வளைவில் திரும்பும்போது கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று. யாரும் சொல்லாமலே நின்று, நெஞ்சை அழுத்திக்கொண்டு, அம்மாவைப் பார்த்தாள். தனக்கு ஒன்றுமில்லை என்று மகளுக்கே இப்போது தெரியும். கைக்குத் தெரியவில்லை.

கம்பிவேலிக்கு வெளியே, முன்பு புருஷன் நின்று கத்துகிற இடத்தில், தம்பி நின்றிருந்தான். அம்மா அவனைப் பார்த்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. திரும்பி மகளைப் பார்த்து, ஓடு என்று கையைக் காட்டினாள். மகளின் அடுத்த மூச்சு எப்போது வரும் என்று பார்த்தபடி நின்றாள்.