ரயில் நிலைய மைதானத்தில் அழுதவர்கள்

ஹனோவருக்குத் தெற்கே லூனவ் என்ற சிற்றூரின் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவள் எல்ஃப்ரீடே காம்பே. போருக்கு முன்பிருந்தே அதே ஜன்னல்தான். கணவன் ஏவால்ட் 1944 கோடையில் ரஷ்யப் போர்முனையில் காணாமல் போனான். செத்தானா, சிறையில் கிடக்கிறானா, ஒன்றும் தெரியவில்லை.

போர் முடிந்த சில வருடங்களில் ஊருக்கு ஒரு புது வழக்கம் வந்தது. இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிறன்று நிலைய மைதானத்தில் எல்லோரும் கூடி, ரஷ்ய முகாம்களிலிருந்து திரும்பாத போர்க்கைதிகளுக்காக மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். மேயர் போல்மன் "நம் பிள்ளைகள்" என்று தொடங்கி இரண்டாவது வாக்கியத்திலேயே தொண்டை அடைத்து நிற்பார். கூட்டம் மூக்கைச் சிந்தும். எல்ஃப்ரீடேயை ஏவால்டின் படத்தோடு முன்வரிசையில் உட்கார வைப்பார்கள். முதல் வருடம் அவளும் அழுதாள். அடுத்தடுத்த வருடங்களில் மேயரின் குரல் எந்தச் சொல்லில் உடையும் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது.

1952 அக்டோபரில் நகராட்சி வழியாகக் கடிதம் வந்தது. ஏவால்ட் ஏழு வருடங்களுக்கு முன்பே முகாமில் காய்ச்சலில் இறந்துவிட்டான். மறுநாளே மேயர் டிக்கெட் ஜன்னலுக்கு வந்து நின்றார்.

"கடிதத்தப் பத்தி யார்கிட்டயாவது சொன்னீங்களாம்மா?"

"இல்ல."

"ஞாயித்துக்கெழம வரைக்கும் சொல்ல வேணாம். தேர்தல் வேற நெருங்குது. காத்திருக்கிற பொண்டாட்டின்னா சனங்க மனசு உருகும். விதவைங்க ஊர்ல நெறையப் பேரு இருக்காங்களே."

"அவரு செத்துட்டாருங்க."

"எனக்கு மட்டும் வேதனையா இல்லையா?" என்றார் மேயர். நிஜமாகவே அவர் கண் நிறைந்தது. அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. பொய்யழுகையாக இருந்தால்கூடச் சகித்திருப்பாள்.

ஞாயிறன்று போனாள். மெழுகுவர்த்தியை அவள் கையில் கொடுத்தபோது ஏற்றாமல் மைக் முன்னால் போய் நின்றாள்.

"எம் புருஷன் செத்துட்டாரு. அவருக்காக யாரும் அழ வேணாம். நாப்பத்தொண்ணு டிசம்பர்ல, இதே எடத்துல, தையல்காரர் ஹெய்மன் குடும்பத்தையும் சேத்துப் பதினாலு யூதர்கள நிக்க வெச்சு ரயில் ஏத்துனாங்க. திரும்பி வராத பயணத்துக்கு டிக்கெட் அடிச்சுக் குடுத்தவ நான். எனக்கு அன்னிக்கு அழுகை வரல. நீங்கல்லாம் வேலியோரமா நின்னு பாத்தீங்க. உங்கள்ல யாரு அழுதீங்க?"

மேயர் வந்து அவள் தோளை அணைத்துக்கொண்டு, "பாவம், துக்கத்துல என்ன பேசுறோம்னே இவங்களுக்குத் தெரியல" என்று ஒலிபெருக்கியிலேயே சொன்னார். உடனே கூட்டம் விம்மியது. வாத்தியக்காரர்கள் வாசிக்கத் தொடங்கினார்கள்.

திங்கட்கிழமைப் பத்திரிகையில் அவள் படம் வந்தது. 'கணவன் மறைந்த செய்தி கேட்டு மேடையில் கதறிய மனைவி. கண்ணீரில் நனைந்தது லூனவ்' என்று போட்டிருந்தார்கள். அவள் கண்ணில் ஒரு சொட்டு நீர் வரவில்லை. பதினாலு பேரைப் பற்றி ஒரு வரி இல்லை. தேர்தலில் போல்மன் முன்னைவிட அதிக வாக்கில் ஜெயித்தார். வீட்டு வாசலில் தினமும் யாராவது கேக்கும் கையுமாக வந்து, அவளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, மனம் லேசாகிப் போனார்கள். கேக்கையெல்லாம் அவள் குப்பையில் கொட்டினாள்.

நவம்பர் கடைசியில் ரொட்டிக் கடைக்கார ஹென்னி டிக்கெட் ஜன்னலில் வந்து நின்றாள். எந்த ஊருக்கு என்று எல்ஃப்ரீடே கேட்டாள். ஹென்னி சுற்றிலும் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாள்:

"ஹெய்மன் வீட்டுத் தையல் மெஷின் எங்கிட்டதான் இருக்கு. அவங்க சாமான்கள ஏலம் போட்டப்ப எடுத்தேன். அவங்க போயி ஒரு வாரங்கூட ஆகல."

சொல்லும்போதே அவள் உதடு துடித்தது. கை கைக்குட்டையைத் தேடியது.

"அழாதீங்க" என்றாள் எல்ஃப்ரீடே. "வேற என்னென்ன எடுத்தீங்க, அதச் சொல்லுங்க."