நான்கு பேரின் மொத்த எடை

காமினி என்ற பெயரைக் குமுதா முதன்முதலில் கேட்டது தம்பி சின்னையாவின் வாயிலிருந்து, அதுவும் வசவாக. சின்னையா அப்போது பேக்டரிக்கு ஆள் ஏற்றும் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு நாள் பினாங்குக்கு எதிர்க்கரையில், பாகான் டாலாமில் இருந்த வீட்டுக்கு வந்தவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் கத்தினான். "காமினின்னு ஒருத்தி புதுசா சேர்ந்திருக்கா அக்கா. எல்லாரும் ஏறியாச்சான்னு தலையை எண்ணிட்டுத்தான் பஸ்ஸ எடுக்க விடுறா. பஸ் என்னுதா, அவளுதா?"

எட்டு மாதம் கழித்து அவளையே கட்டிக்கொண்டான். கல்யாணத்தில் குமுதாவின் பெரியம்மா முறை ஒருத்தி, "பேக்டரிப் பொண்ணா?" என்று மூக்கைச் சுளித்தாள். அடுத்த வருடமே அந்தப் பெரியம்மா தன் மருமகளுக்கு வேலை கேட்டுக் காமினியின் வாசலில் வந்து நின்றாள். காமினி ஒன்றும் சொல்லிக்காட்டாமல் வாங்கிக் கொடுத்தாள். அப்படிப்பட்டவள்.

காமினிக்கு முப்பத்தொரு வருடம் ஜன்னலே இல்லாத அறையில் வேலை. தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, கண் மட்டும்தான் வெளியே தெரியும். நகத்தளவு கம்ப்யூட்டர் சில்லுகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துப் பார்த்து, வெளியே மழையா வெயிலா என்று தெரியாமலேயே வயதாகிவிட்டது. சின்னையா இறந்து நான்கு வருடம். போன வருடம் அவளுக்கு வலது கண் மங்கத் தொடங்கியது. இடது கண்ணும் எத்தனை நாள் என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. மகன் ஹரீஷ் கைப்பேசியில் ஒரு படம் காட்டினான். நேப்பாளத்தில் ஹெலிகாப்டர் ஏறிப் பனிமலைகளைப் பக்கத்தில் போய்ப் பார்த்து வருகிறார்கள். காமினி அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். கண் இருக்கும்போதே, கண்ணுக்கு எட்டுகிற மட்டும் பார்த்துவிட வேண்டும்.

கூட வருவதற்கு அவளோடு ஒரே லைனில் வேலை செய்த அமலம்மாளும் மலாய்க்காரி ரொஸ்னாவும் சம்மதித்தார்கள். நான்காவது இடம் குமுதாவுக்கு.

"நானா? பினாங்கு ஹில் ரயில்லயே கண்ண மூடிக்கிட்டு வந்தவ நான்."

"அங்கயும் மூடிக்குங்க அக்கா. நான் பார்த்துச் சொல்றேன்."

பினாங்கு லிட்டில் இந்தியாவில் பயண டிக்கெட் போடும் கோகிலன் விண்ணப்பத் தாள்களைக் கொடுத்தான். காமினி லைன் லீடராக இருந்தவள். லீவு தாள், உடுப்பு அளவுத் தாள் எல்லாம் மற்றவர்களுக்கு அவளே நிரப்பிக் கொடுத்துப் பழக்கம். இதையும் வீட்டில் உட்கார்ந்து நிரப்பினாள். எடை என்று ஒரு கட்டம் இருந்தது. நாத்தனாரைக் கூப்பிட்டு, "நீங்க எத்தனை கிலோ?" என்று எந்த வாயால் கேட்பது? கேட்காமல் விட்டாள். மரியாதையாக நான்கு பேருக்கும் ஐம்பத்தைந்து என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

பயணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது கோகிலன் எல்லோரையும் கடைக்கு வரச் சொன்னான்.

"என்னக்கா இது, நாலு பேருக்கும் அம்பத்தஞ்சு? ஒரே வயித்துப் பிள்ளைங்களா?" என்றான். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு விஷயத்தைச் சொன்னான். மேலே போகப் போகக் காற்று குறைச்சல், ஹெலிகாப்டரால் அதிக பாரம் தூக்க முடியாது. குளிர்ச்சட்டை, பை எல்லாம் சேர்த்து நான்கு பேரும் முந்நூறு கிலோவுக்குள் இருக்க வேண்டும். கூடினால் ஒருவர் இறங்கத்தான் வேண்டும். "உண்மையைச் சொல்லுங்க. அங்க போய் நிக்கும்போது தெரிஞ்சா கஷ்டம்."

முதலில் அமலம்மாள், "எனக்கு எழுபதுன்னு வச்சுக்க தம்பி" என்றாள்.

"வச்சுக்கிறதுக்கு இது என்ன மொய்யா அக்கா?"

போன மாதம் குமுதாவைக் கிளினிக்கில் நிறுத்துப் பார்த்தபோது எண்பத்தெட்டு காட்டியது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

"தப்பு என்னுது" என்றாள் காமினி. "கூடிப்போச்சுன்னா நான் இறங்கிக்கிறேன்."

குமுதா காமினியைத் திரும்பிப் பார்த்தாள். மலை பார்க்க ஆசைப்பட்டவள் கீழே நிற்க, தான் மேலே போவதா? "எனக்கு முட்டி வலி. நான் வரல" என்று சொல்லிவிட்டாள்.

"நேத்து பசார்ல மூணு சுத்து சுத்தினீங்க. நீங்க இல்லாம நான் போகமாட்டேன் அக்கா."

அவள் சொன்னால் சொன்னதுதான். ஆக, குமுதாவின் உடம்பு அந்த முந்நூறுக்குள் அடங்காவிட்டால் காமினிக்கு மலையே இல்லை.

"தம்பி, இப்ப மொத்தம் தெரிஞ்சா போதுமா?" என்று காமினி கேட்டாள். போதும், தனித்தனியாக அங்கே நிறுத்துக்கொள்வார்கள் என்றான் கோகிலன்.

மறுநாள் காலை நான்கு பேரும் கோகிலனைக் கூட்டிக்கொண்டு அவன் கடைக்குப் பக்கத்தில் இருந்த சிக்கந்தரின் வெங்காயக் கடைக்குப் போனார்கள். கொளுத்துகிற வெயிலில் குளிர்ச்சட்டை, கம்பளித் தொப்பி, தோளில் பை. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். தரையோடு கிடந்த மூட்டைத் தராசைச் சிக்கந்தர் துடைத்துவிட்டார்.

"ஒவ்வொருத்தரா ஏறுங்க. கூட்டிக்கலாம்."

"வேணாம்!" என்று நான்கு குரலும் ஒன்றாக வந்தன.

ஒருவரை ஒருவர் கட்டிப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். எண் ஓடி ஓடி நின்றது. முந்நூற்றாறு.

குமுதா முதல் ஆளாகத் தராசிலிருந்து இறங்கினாள். காமினி கலங்கவில்லை. இறங்கி அமலம்மாளின் தோளிலிருந்த பையை வாங்கிப் பார்த்தாள். கையை இழுத்தது. உள்ளே மூன்று போத்தல் மிளகாய்ச் சம்பால், ஊறுகாய், இரண்டு பெரிய தண்ணீர்ப் போத்தல். ரொஸ்னாவின் பையில் ஒரு சின்ன ரைஸ் குக்கர், அரிசியோடு.

"அலாமாக்! அங்கே பசிச்சா என்னா செய்றது?" என்றாள் ரொஸ்னா, தன் அரைகுறைத் தமிழில்.

"மேல பத்து நிமிஷம்தான்லா நிப்பாங்க! அதுக்குள்ள சோறு வடிக்கப் போறியா?" என்றாள் காமினி.

பைகளைக் கீழே வைத்துவிட்டு மறுபடி ஏறினார்கள். இருநூற்றுத் தொண்ணூற்றைந்து.

குமுதா அப்படியே ஒரு வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அமலம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். கோகிலன் எண்ணை எழுதிக்கொண்டு, "அங்க தனித்தனியா நிறுப்பாங்க, பரவாயில்லையா?" என்று கேட்டான்.

"நிறுக்கட்டும்" என்றாள் குமுதா, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "நேப்பாள்காரனுக்கு நம்ம சொந்தக்காரங்க யாரையும் தெரியாது."

அக்கரை வீட்டுக்குத் திரும்ப ஃபெர்ரிக்கு நடக்கும்போது, ஏற்றிவிட வந்த காமினியின் காதில் குமுதா தானாகவே, "எண்பத்தெட்டு" என்றாள்.

காமினி சிரிக்கவில்லை. "முன்னாடியே தெரிஞ்சிருந்தா சம்பாலை வீட்டுலயே வைக்கச் சொல்லியிருப்பேன் அக்கா."

அன்றிரவு குமுதா பல நாளுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினாள்.

காமினி இப்போது பினாங்குத் தீவில், பாயான் பாருவில் மகன் ஹரீஷ் வீட்டில் இருக்கிறாள். வருகிற செவ்வாய்க்கிழமை காலை நான்கு பேரும் விமானம் ஏறுகிறார்கள்.