ஸ்டியரிங்கில் யாருடைய கைகள்

சில வருடங்களுக்கு முன் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தபோது, தோல் ஏற்றும் எங்கள் மினி லாரியில் ஆம்பூரிலிருந்து வேலூர் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போனது நான். ஹாரன் வேலை செய்யவில்லை. வழி முழுக்க ஒரு கையால் கதவை அறைந்துகொண்டே ஓட்டினேன்.

பின்னால் அரை மயக்கத்தில் கிடந்து பிழைத்த அப்பா, பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "என் பையன் ஓட்டிகினு வந்து காப்பாத்திட்டான்" என்றார். கூடப் போனது மகள் நானும் தம்பியும்; பையன்தானே ஓட்டியிருப்பான் என்ற நினைப்பு. நானும் திருத்தவில்லை. ஷூ கம்பெனியில் தோழிகளிடமும் அப்படியே சொன்னேன். சொல்லிச் சொல்லி, அந்த நாளை நினைத்தால் ஸ்டியரிங்கில் தம்பியின் கைகள்தான் தெரிந்தன.

போன மாதம் தம்பியின் நிச்சயதார்த்தம். பிரியாணிப் பந்தியில் அப்பா சம்பந்தியிடம் அதே கதையைத் தொடங்கினார். அன்றுதான் அதை முதல் தடவையாகக் கேட்ட தம்பி குறுக்கிட்டான்.

"நான் எங்க ஓட்டினேன்ப்பா? பின்னாடி உன்ன மடியில வெச்சிகினு அழுதுகினு இருந்தேன். ஓட்டினது அக்கா."

அப்பா என்னைப் பார்த்தார். "அப்போ வழியெல்லாம் டமடமன்னு கேட்டுச்சே, அது இன்னா?"

"ஹாரன் இல்லப்பா. நான்தான் கதவைத் தட்டினேன்."

சொன்னதும் உள்ளங்கை சுரீரென்றது.

அழுததைச் சொல்ல அவன் வெட்கப்படவில்லை. ஓட்டியதைச் சொல்ல எனக்கென்ன கூச்சம்? இப்போது யார் கேட்டாலும், "நான் ஓட்டினேன்" என்றே ஆரம்பிக்கிறேன். ஸ்டியரிங்கில் என் கை தெரிகிறது. ஒரு கைதான்; இன்னொன்று கதவை அறைந்துகொண்டிருக்கிறது.