வேப்பஞ்சருகுக்கு வைத்த தீ

குப்பையை எரிக்கக் கூடாது என்று எங்கள் தெருமுனையில் ஒரு பலகை உண்டு. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அதை நானே ஆறு முறை படித்துக் காட்டியிருக்கிறேன். தொழிற்பேட்டையில் வேலை செய்பவள். பிளாஸ்டிக் உறைகளைப் பின்பக்கம் கொளுத்திவிட்டு ஷிப்டுக்கு ஓடுவாள். என் மனைவிக்கோ இழுப்பு. புகை வந்தால் ஐந்து ஜன்னல்களையும் சாத்துவது என் வேலை.

அந்த மாசியில் குப்பை வண்டி பதினொரு நாள் வரவில்லை. எங்கள் கொல்லையில் வேப்பஞ்சருகு முழங்கால் உயரம் சேர்ந்துவிட்டது. வெறும் சருகுதானே என்று எனக்கு நானே அனுமதி கொடுத்துக்கொண்டேன். வீட்டுச் சுவரிலிருந்து பதினைந்து அடி தள்ளிக் குவித்தேன். இரண்டு வாளித் தண்ணீர், ஒரு மண்வெட்டி. காற்று வீட்டுக்கு எதிர்ப்பக்கம் வீசுவதைப் பார்த்து ஒன்பதரைக்குத் தீ வைத்தேன்.

பத்தே நிமிடத்தில் காற்று திரும்பியது. உள்ளே இருமல் கேட்டது. இரண்டு வாளியையும் கொட்டினேன். மேலே அணைந்தது, அடியில் கனன்ற சருகு ஈரமாகி, முன்னைவிட அடர்த்தியான வெள்ளைப் புகையைக் கக்கியது. அது நேராக வீட்டுக்குள் போயிற்று. மூன்றாவது வாளிக்குக் குழாயைத் திறந்தால் தண்ணீர் இல்லை. மோட்டார் போட ஓடினேன். கரண்ட் இல்லை. பராமரிப்புக்காக ஒன்பது மணி முதல் மின்தடை என்று நாள்காட்டியில் நானே எழுதி வைத்திருந்தேன்.

மின்விசிறி நின்ற புழுக்கத்தில் என் மனைவி ஜன்னல்களைத் திறந்திருக்கிறாள். இப்போது கட்டில் விளிம்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். உதடு கறுத்துக்கொண்டிருந்தது. நிமிடத்துக்கு நாற்பத்திரண்டு மூச்சு. மருந்தை ஆவியாக்கும் மிஷினும் கரண்டில்தான் ஓடும். பக்கத்து வீட்டுச் சுவரோரம் ஓடிக் கத்தினேன்.

இரவு ஷிப்டு முடிந்து தூங்கிய அந்தப் பெண் எழுந்து வந்தாள்.

"இன்னா நைனா, எனக்குப் பலகை படிச்சிட்டு நீ கொளுத்திக்கினு கீறியா?"

"அம்மாவுக்கு மூச்சு வரலைம்மா. கரண்ட் இல்ல. நாப்பத்திரண்டு எண்ணினேன்."

"எங்கூட்ல இன்வெர்ட்டர் கீது. எண்ணிக்கினு நிக்காத, மிஷின எடு."

பிளாஸ்டிக் நாற்காலியில் மனைவியை உட்காரவைத்து இருவரும் தூக்கினோம். அந்தப் பெண்ணின் வீடு வரை அறுபத்து மூன்று அடி. இரண்டு முறை என் கை நழுவியது. அங்கே முகமூடியை மாட்டி மிஷினைப் போட்ட பிறகும் மூச்சு நாற்பதிலேயே நின்றது. ஜன்னல் வழியே என் புகை அந்த வீட்டுக்குள்ளும் வரத் தொடங்கியது.

"நீ போய் அத்த அணை. நான் எண்ணுறேன்" என்றாள் அந்தப் பெண்.

குவியலைக் கிளறிக் கிளறி மண்ணைப் போட்டேன். ஒவ்வொரு கிளறலிலும் அடியில் சிவப்பாக இருந்தது. சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

"முப்பத்தெட்டு, நைனா."

இருபது வெட்டு மண்.

"இன்னும் முப்பத்தெட்டுதான்."

ஐம்பது வெட்டு. ஓர் ஓரத்தில் மறுபடி புகைந்தது. வெறுங்கையால் மண்ணை அள்ளி அழுத்தினேன்.

"முப்பத்தினாலு." கொஞ்சம் பொறுத்து, "நைனா, அணைச்சிட்டீங்களான்னு அம்மா கேக்குது."

பேசுகிறாள்.

"இன்னும் இல்லன்னு சொல்லு" என்றேன்.