மூச் அக்காவின் பொம்மை பீரோ

எங்கள் தையல் கம்பெனியில் அவளுடைய சொந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. மூச் அக்கா, அவ்வளவுதான். இப்போது எனக்கு இரண்டு மிஷின் தள்ளி உட்கார்ந்து காலர் தைக்கிறாள். அதற்கு முன் ஆறு வருஷம், ஹாலுக்குப் பின்னால் தகரத் தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்த பிள்ளைகள் அறை அவள் கையில் இருந்தது. இருபது பிள்ளைகள். தட்டியில் காதை வைத்துக் கேட்டாலும் ஒரு தும்மல் சத்தம் வராது. உதட்டில் விரலை வைத்து "மூச்!" என்பாள். தவழுகிற குழந்தைகூட அப்படியே உட்கார்ந்துவிடும்.

"அதுங்க பிள்ளைங்களா, பிடிச்சு வச்ச பிள்ளையாரா?" என்று நாங்கள் கேலி செய்வோம். அவளுக்குப் பெருமை பிடிபடாது. எங்களுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. பிள்ளை அழுவது காதில் விழுந்தால் மிஷினில் கை ஓடுமா? என் மகனும் அங்கேதான் வளர்ந்தான். சமத்துப் பிள்ளை, வாயே திறக்க மாட்டான் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

அவள் ஆயா வேலைக்கென்று வந்தவள் இல்லை. முதலிலும் காலர்தான் தைத்தாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து ஒரு பெண் பிறந்தது. கைக்குழந்தையை விட்டுவிட்டு மிஷினில் உட்கார முடியாமல் தவித்தவளைக் கூப்பிட்டு சூப்பர்வைசர் அந்த அறையைக் கொடுத்தார். "குழந்தைய உன் பக்கத்துலயே வச்சுக்கோ. ஆனா ஹாலுக்குச் சத்தம் வந்துச்சு, அன்னைக்கே லைனுக்கு வந்துடணும். வேற ஆள் பிள்ளைங்களைப் பாத்துக்கும்." அத்தனை வருஷம் காத்திருந்து பெற்றதை இன்னொருத்தி கையில் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. அன்றைக்குப் பிறந்ததுதான் அந்த மூச்.

அந்த அறையில் ஓர் இரும்பு பீரோ இருந்தது. உள்ளே ஒரு மர ரயில், நாலு துணிப் பொம்மை, வளையம் கோர்க்கிற கம்பு, க்ரேயான் டப்பாக்கள். நாங்கள் தைக்கிற சட்டைகளை வாங்குகிற கம்பெனிக்காரர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்கு வருவார்கள். அன்று மட்டும் பீரோ திறக்கும். யாருக்கு எது என்று அக்கா பழக்கி வைத்திருந்தாள். உனக்கு ரயில், உனக்குப் பொம்மை, உனக்கு க்ரேயான். அதை ஆடாமல் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். உடைந்தால் யார் பதில் சொல்வது? வந்தவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு கார் ஏறியதும் எல்லாம் மறுபடி உள்ளே போய்விடும். ஆறு வருஷத்தில் அந்த க்ரேயான்களில் ஒன்றின் முனைகூட மழுங்கவில்லை.

அக்கா தன் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள். இரண்டே வாரத்தில் டீச்சர் கூப்பிட்டனுப்பினார். "யாரோடயும் சேர மாட்டேங்கிறா. ஒரு வார்த்தை பேச மாட்டேங்கிறா. டாக்டர்கிட்ட காட்டிட்டு அப்புறம் அனுப்புங்க." தனியாகப் போகப் பயந்து என்னையும் கூட்டிக்கொண்டு போனாள்.

அந்த டாக்டரம்மா குழந்தையின் காது, நாக்கு எல்லாவற்றையும் பார்த்தார். ஒரு பழுதும் இல்லை. பிறகு ஒரு கூடைப் பொம்மைகளைத் தரையில் கொட்டி, "விளையாடு கண்ணு" என்றார்.

குழந்தை ஒரு பொம்மையை எடுத்து மடியில் நிமிர்த்தி வைத்தது. வாசல் பக்கம் திரும்பி உட்கார்ந்து சிரித்தது.

"பொம்மைக்குப் பசிக்குதாம். என்ன குடுக்கலாம்?"

குழந்தை பொம்மையை இன்னும் கொஞ்சம் தூக்கிக் காட்டியது. போன் வந்து டாக்டர் எழுந்து வெளியே போனார். உடனே குழந்தை எல்லாவற்றையும் கூடைக்குள் அடுக்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டது. அக்கா என் கையைப் பிடித்தாள். என் வீட்டிலும் ஒருவன் இப்படித்தான் உட்காருவான்.

"வீட்டுல என்னம்மா விளையாடுவா?" என்று டாக்டர் திரும்பி வந்து கேட்டார்.

"விளையாடினதே இல்லைங்க. நான்தான் விடலை."

டாக்டர் திட்டவில்லை. "பொம்மைக்குச் சோறு ஊட்டி, அதோட சண்டை போட்டு, சுவத்துல கிறுக்கித்தாம்மா பிள்ளைங்க பேசக் கத்துக்குதுங்க. இன்னும் நேரம் இருக்கு. ஆனா நிறைய இல்லை." நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

பஸ்ஸில் அக்கா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "பொத்திப் பொத்தி வளத்தேன்னு நெனச்சேன். வாயப் பொத்தித்தான் வளத்திருக்கேன்."

மறுநாள் டீ நேரத்தில் மகனைப் பார்க்கப் பிள்ளைகள் அறைக்குப் போனேன். பீரோ திறந்து கிடந்தது. பொம்மைகளெல்லாம் தரையில். "எடுத்து விளையாடுங்க, உடைஞ்சா உடையட்டும்" என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் அவரவர் சாமானை எடுத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்து வாசலைப் பார்த்துச் சிரித்தார்கள். வாசலில் நின்றது நான்தான். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

"யாரு வர்றாங்க, பெரியம்மா?" என்று என் மகன் அக்காவிடம் மெதுவாகக் கேட்டான். அவன் மடியில் க்ரேயான் டப்பா மூடியபடியே இருந்தது.

"யாரும் வரலடா ராசா. உனக்குத்தான்."

அவன் நம்பவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்கா முட்டி போட்டாள். ஒரு பிள்ளையின் கையிலிருந்து அந்த மர ரயிலை வாங்கித் தரையில் தள்ளினாள். "குப்... குப்... கூ!" முதலில் தயங்கித் தயங்கி, அப்புறம் தொண்டை கிழிய. நாற்பத்து நாலு வயசுக்காரி, கண்ணில் தண்ணீர் வடிய வடிய, அறை முழுக்க ரயில் ஓட்டினாள். தகரத் தட்டி அதிர்ந்தது. ஹாலிலிருந்து சூப்பர்வைசர் வேகமாக நடந்து வருவது எனக்குக் கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்கும். அன்று சாயங்காலமே அறை கைவிட்டுப் போகும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? அவள் நிறுத்தவில்லை.

"வாங்க, வாங்க! ஏறுங்க, ரயில் கிளம்புது! கூ!"

அவள் மகள் எழுந்து நின்றாள். போ கண்ணு, போ, போய் ஏறிக்கோ என்று மனசுக்குள் கும்பிட்டேன். குழந்தை ரயிலைத் தாண்டி அம்மாவிடம் வந்தது. ஒரு கையால் அம்மாவின் வாயை இறுக்கிப் பொத்தியது. இன்னொரு கையின் விரலைத் தன் உதட்டில் வைத்து, தெளிவாகச் சொன்னது.

"மூச்."