செல்போன் மழையும் என் கருவாடும்

மீமிசல் பக்கம் கடலோரத்தில் எங்கள் வீடு. அலையாத்திக் காட்டில் படகில் போக வரும் வெளியூர்க்காரர்களுக்கு மாடி அறையை வாடகைக்கு விடுகிறேன். மொட்டை மாடியில் மீன் காயப்போடுவேன்.

போன மார்கழியில் ஒரு சனிக்கிழமை காலை, ‘பத்து மணி முதல் கனமழை’ என்றது செல்போன். நனைந்தால் மீன் புழுத்துவிடும். அன்று வரவேண்டிய திருச்சிக் குடும்பமும் வராது என்று நானே முடிவு கட்டினேன். ஒரு போன் போட்டுக் கேட்கும் புத்தி வரவில்லை. பாதி காய்ந்த நெத்திலியை அள்ளி அந்த அறைக்குள் பரப்பி, ஜன்னலையும் சாத்திவிட்டேன்.

பத்து மணிக்கு மண்டையைப் பிளக்கிற வெயில். பதினொரு மணிக்கு வாசலில் கார்.

“வெயிலா இருக்கேன்னு கிளம்பிட்டோம் அக்கா” என்று சிரித்தபடி மாடி ஏறிய பெண், கதவைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு கீழே ஓடி வந்தாள்.

“யா அல்லா, மீனும் போச்சு, வந்தவங்களும் போயாச்சா?” என்று மாமியார் தலையில் கை வைத்தார்.

“ஒண்ணும் போகலை மாமி, பாருங்க” என்றேன். செல்போன் மேல் எனக்கு அவ்வளவு கோபம். அவர்களைப் படகுக்கு அனுப்பிவிட்டு, மீனை மறுபடி வெயிலில் பரப்பினேன். அறையைப் பினாயில் ஊற்றி மூன்று தடவை கழுவினேன். மறுநாள் கிளம்பும்போது அந்தப் பெண்ணே கருவாடு கேட்டு வாங்கிப் போனாள்.

இப்போதும் செல்போன் மழை மழை என்கிறது. தார்ப்பாயை மாடிப்படியில் தயாராக வைத்திருக்கிறேன், ஆனால் மீனைத் தொடுவதில்லை. விருந்தாளிகள் கேட்டால், “வாங்க, பாத்துக்கலாம்” என்கிறேன். மழை பெய்வதாக இருந்தால், மேகம் என் மாடிக்கு நேரில் வந்து சொல்லட்டும்.